யார் முதலில் பேசியது?

1

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் மகள் ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் பூனைக் கூண்டுமாக வந்து வாசலில் நின்றாள். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றவர்கள் வீட்டுக்கு வருவதென்றால் ஒரு வாரம் முன்பே போன் செய்து தேதி கேட்பார்கள். சொல்லாமல் வந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பூனையோடு வந்தால் பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் இருப்பது விண்ட்ஸர். கனடாவின் தெற்கு ஓரம், ஆற்றைத் தாண்டினால் அமெரிக்கா. ஊர் முழுக்கக் கார் கம்பெனி, மிச்ச இடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள் "நம்மூர் மாதிரிதானே" என்பீர்கள். நாங்கள் கிளம்பிய காலத்தில் நம்மூர் அப்படி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள். கார் செய்கிற ஊரைத் தேடி நாங்கள் பூமிக்கு அந்தப் பக்கம் போனோம். போய் மூச்சு விடுவதற்குள் கார் கம்பெனி எங்கள் ஊருக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

வந்த முதல் வாரம் ஏதோ ஒரு அட்டைக்காகக் கவுண்டரில் நின்றோம். உங்கள் பெயரில் எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று கேட்டார்கள். "ஏகாம்பரம்தான் முதலும் கடைசியும்" என்றார் இவர். அப்படியே அட்டையும் வந்தது: ஏகாம்பரம் ஏகாம்பரம். மகள் பிறந்தபோது அந்தத் தவறு வேண்டாம் என்று எஸ்தர் வள்ளி என்று வைத்தோம். நான் எஸ்தர் என்று கூப்பிடுவேன், அவர் வள்ளி என்பார். இந்தக் கட்டுரையை அவரும் படிப்பார் என்பதால் வள்ளி என்றே எழுதுகிறேன்.

சாப்பிடும்போது வள்ளி விஷயத்தைச் சொன்னாள். அவளும் டேனியலும் மூன்று வருஷமாகச் சேர்ந்து இருக்கிறார்கள், கோடையில் கல்யாணம் என்று பேச்சு. இப்போது நாலைந்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

"எங்களுக்குப் பொது எதுவும் இல்லம்மா."

"பொதுன்னா இன்னா? பொதுக்குழாயா?" என்றார் அவர்.

"காமன், அப்பா. ஒரே மாதிரி பிடிக்கிறது எதுவும் இல்ல. அவன் ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறான். எனக்கு மீன் வாசனையே ஆகாது."

ஏகாம்பரத்துக்கு டேனியலைப் பிடித்ததே அந்த மீனுக்காகத்தான். அதனால் சோற்றைப் பிசைவதில் மும்முரமானார். நான்தான் கேட்டேன்: "அதுக்கு முன்னாடி கெவின்னு ஒருத்தன் இருந்தானே, உன்னை மாதிரியே சைவம், உன்னை மாதிரியே ஓட்டம், உன் ஆபீசு. அவனுக்கு இன்னா ஆச்சு?"

"அது கண்ணாடியோட குடித்தனம் பண்ற மாதிரி இருந்துச்சும்மா." தட்டை நகர்த்தி வைத்தாள். "நீங்க சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரியா, வேற வேறயா? எது வேலை செய்யுது?"

"ஒரே மாதிரி" என்றேன் நான். "வேற வேற" என்றார் அவர். ஒரே நேரத்தில்.

பிறகு அந்த 1991 கதையை அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதிக் கதை அவளுக்குத் தெரியாது.

2

மண்ணூர் பக்கத்தில் வண்டி இன்ஜினுக்கு 'பின்' என்கிற இரும்பு முளை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. ஏகாம்பரம் அங்கே மெஷின்களுக்கு வெட்டுக்கருவி செய்து பொருத்திக் கொடுக்கும் டூல் ரூமில் இருந்தார். நான் இன்ஸ்பெக்‌ஷனில். லைனில் வருகிற பின்னைக் கேஜ் வைத்து அளந்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. ஒருநாள் அவர் செட்டிங் செய்து கொடுத்த மெஷினிலிருந்து வந்த ஒரு தட்டை முழுசாகச் சிவப்பில் போட்டேன். ஆள் நேராக வந்துவிட்டார்.

"இதுல இன்னா தப்பு கீது?"

"அளவு தப்பு."

"உன் கேஜுதான் தப்பு."

"உங்க கண்ணுதான் தப்பு."

சூப்பர்வைசர் வந்து பார்த்து, அந்தத் தட்டைத் தன் மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். தீர்ப்பு கடைசிவரை வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவரவர் வேலை அவரவருக்கு, பேசாமல் இருக்க எந்தக் காரணமும் தேவையில்லை. ஆனால் இது வேறு மாதிரிப் பேசாமை. கேன்டீனில் அவர் என்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குத் தெரியும், நான் பார்க்காமல் இருப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் உடம்பு சரியில்லாமல் நான் லீவு போட்டேன். மறுநாள் என் மேஜையில் ஒரு சாத்துக்குடி இருந்தது. அதற்குக் காதல் என்று பிறகு பெயர் வைத்துக்கொண்டோம்.

எங்களுக்குச் சாமி வேறு, தெரு வேறு. இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது: கூடாது. 1991 பிப்ரவரியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு ஏ ஷிஃப்டில் இருந்து மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். எடுத்தது ஒரே ஒரு போட்டோ. அதில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், நான் வேறு யாரையோ பார்க்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அறை எடுத்தோம். தெரிந்தவர்கள் எல்லாரும், வெள்ளிக்கிழமை கற்பூரமா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சா என்று அடித்துக்கொள்வோம் என எதிர்பார்த்தார்கள். அந்தச் சண்டை வரவே இல்லை. வெள்ளிக்கிழமை அவர் சூடம் ஏற்றினார், நான் துணி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போனேன், அவர் சைக்கிளைத் துடைத்தார். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

தெரியாமல் இருந்தது ஒன்றுதான். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்கிற ஆள் நான். முதலில் பேசுவது என் ரத்தத்தில் கிடையாது. அவரும் அப்படியே என்பதைச் சிவப்புத் தட்டு விஷயத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

3

ஏகாம்பரத்தோடு ஐ.டி.ஐ.யில் படித்த ஒருவர் விண்ட்ஸருக்குப் போயிருந்தார். டூல் ரூம் ஆட்களுக்கு இங்கே கிராக்கி என்று அவர் சொல்லி, கல்யாணத்துக்கு முன்பே இவர் குடியேற மனு போட்டிருந்தார். மனுவில் "திருமணம் ஆகாதவர்." பிறகு, ஆகிவிட்டது என்று தெரிவித்தார். உடனே, விசாவுக்காகச் செய்த கல்யாணமோ என்று அங்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் டெல்லிக்கு வாருங்கள், தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று கனடா தூதரகத்திலிருந்து பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குழம்பு வந்தது.

அவர் சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. "ஏது?" என்றேன். "மெஸ்ல வாங்கினது" என்றார். சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தேன்.

"உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல. எவ ஆக்குனது இத?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன், பதில் இல்லை. மறுநாள் கம்பெனியில் மண்ணூர்க்காரர் ஒருவர் தூக்குச்சட்டியைத் திரும்பக் கேட்டு வந்தார். "ஏகாம்பரத்தோட அம்மா கேக்க சொன்னாங்க, மருமவளுக்குக் குழம்பு புடிச்சுதான்னு."

கல்யாணத்துக்கு வராத அம்மா. பெரிய மகனுக்குத் தெரியாமல் ஆக்கி, யார் கையிலோ கொடுத்து அனுப்பிய குழம்பு. அதை மெஸ் குழம்பு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் சட்டியையே நக்கியிருப்பேனே!

ஆக அவரும் வாயை மூடினார், நானும் மூடினேன். ஒரே அறை. அவர் டெல்லி டிக்கெட்டை அரிசி டின் மேல் வைப்பார், நான் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைப்பேன். சோறு ஆக்கி மூடி வைப்பேன், அவர் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பார். யாராவது பார்த்திருந்தால் என்ன ஒற்றுமையான ஜோடி என்றிருப்பார்கள்.

இதற்கு நடுவில் ஒருநாள் கம்பெனி கேட் பக்கம் அவருடைய அண்ணன் நின்று அவரிடம் பேசுவதைக் கேட்டுவிட்டேன். "நீ மட்டும் போய்ட்டு வாடா. ரெண்டு வருசம் போனா எல்லாம் சரியாப் பூடும். அவ எங்க போயிடப் போறா?"

ஏகாம்பரம் பதில் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் பதில் சொன்னார்? ஆனால் அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, அந்த மௌனத்துக்கு "சரி" என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

4

டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயில். எதிர் இருக்கையில் பல்லாவரத்து அக்கா ஒருவர், தன் வீட்டுக்காரரோடு மகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் நான் ஜன்னலைப் பார்ப்பேன், ஏகாம்பரம் திறப்பார். அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கூஜாவைப் பார்ப்பார், நான் எடுத்து நடுவில் வைப்பேன். கூடூர் தாண்டுவதற்குள் அந்த அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் நீட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து, விரல்களைக் குவித்துக் காட்டினார்.

சாப்பிடு என்கிறார். எங்கள் இரண்டு பேரையும் வாய் பேச முடியாதவர்கள் என்று நினைத்துவிட்டார்!

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். இட்லியை வாங்கிக்கொண்டோம். ஒரு இட்லி சாப்பிட்ட பிறகு உண்மையைச் சொல்ல முடியாது இல்லையா?

அதற்கப்புறம் அந்த அக்கா எங்கள் எதிரிலேயே எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "பாருங்க, ஆண்டவன் எப்படிப் பொருத்தம் பார்த்து சேர்த்து வெச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே கொறை. அதான் சண்டையே இல்ல. நீங்களும் இருக்கீங்களே, காலையில வாயத் தொறந்தா!" அவருடைய வீட்டுக்காரர் எங்களைப் பொறாமையாகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்கித் தோள் குலுங்கியதை அழுகை என்று நினைத்து, அந்த அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் நாக்பூரில் வண்டி நின்றது. டீக்காரன் ஓடினான். ஏகாம்பரம் தாங்க முடியாமல் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "யோவ், ரெண்டு டீ!"

அக்கா கையில் இருந்த முறுக்கு கீழே விழுந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உனக்கும் பேச்சு வருமா?"

"வரும்க்கா."

"பின்ன ஏன்டி ரெண்டு நாளா..."

"அவர் பேசட்டும்னு இருக்கேன்க்கா."

அதற்குப் பிறகு ஆக்ரா வரைக்கும் அந்த அக்கா எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை.

5

தூதரகத்தில் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். காது சிவந்திருந்தது. என்ன கேட்டார்கள் என்று சொல்ல வாய் எடுத்தவர் போல இருந்தது; மூடிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நரைத்த முடியுடன் ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் டை கட்டிய மொழிபெயர்ப்பாளர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்குத் தெரிந்தது அவர் வீட்டுச் சமையலறைக்குள் புழங்கிய தமிழ். எங்கள் தமிழ் அவருக்கு வேறொரு தேசம்.

என் பாஸ்போர்ட்டில் ஸ்ரீபெரும்புதூர் என்று பார்த்ததும் அந்த அம்மா ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்ட எல்லாருமே அப்படித்தான் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பினார். அது மரியாதையாக இருந்தது.

கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்பது முதல் கேள்வி. "கட்டிலே கிடையாது மேடம், பாய்." உங்கள் கணவர் கடைசியாக உங்களிடம் பேசியது என்ன? யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று பாதிரியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

"'மெஸ்ல வாங்கினது.' அதான் மேடம் கடைசி."

அந்த அம்மா அவரிடம் கேட்டு எழுதியிருந்த தாளைப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "உங்க ஆத்துக்காரர் சொல்றார், நீங்க ஒரு வாரத்துக்கு மேல ஹம் பண்ணிண்டே இருக்கேளாம். என்ன பாட்டுன்னு மேடம் கேக்கறா."

"நானா? பாட்டா?"

"'உம்முனு கீறா'ன்னு அவர்தான் சொன்னார்."

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. "சார், உம்முன்னு இருக்கிறதுன்னா பேசாம இருக்கிறது சார். பாடுறது இல்ல." அவர் முகம் வெளுத்து, திரும்பி அந்த அம்மாவுக்கு விளக்கினார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

ஏன் பேசவில்லை என்று கேட்டார். "பொய் சொன்னாரு மேடம். அவங்க அம்மா குடுத்த குழம்ப மெஸ்ல வாங்கினதுன்னாரு." மறுபடி தாள் புரண்டது. தன் அம்மாவின் சமையலை நான் குறை சொன்னேன் என்று ஏகாம்பரம் சொல்லியிருக்கிறாரே?

"ரெண்டும் ஒரே குழம்புதானான்னு கேக்கறா."

"ஒரே குழம்புதான் மேடம்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா கோபமா என்று தெரியவில்லை. திரும்பியபோது முகம் கறாராக இருந்தது. கடைசியாக ஒன்று கேட்டார்: அவருக்கு மட்டும் அனுமதி கிடைத்து, உங்களுக்குக் கிடைக்காவிட்டால்?

கேட் பக்கம் கேட்ட பேச்சு ஞாபகம் வந்தது. அவ எங்க போயிடப் போறா. ஆனாலும் சொன்னேன்: "போவட்டும் மேடம். போனாத்தான் அவருக்கு நல்லது. இங்க இருந்தா அந்தக் கம்பெனியிலயே காலம் போயிடும்."

அவர்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இதே கேள்வியை அவரையும் கேட்டா. 'நான் போவமாட்டேன்'னார். ஏன்னு கேட்டதுக்கு, 'அங்க போயி நான் யார்கூட பேசாம இருக்கறது?'ன்னார். எனக்கு அர்த்தமே புரியலை. அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன். மேடத்துக்குப் புரிஞ்சுடுத்து."

அந்த அம்மா, தேறியவர்களுக்குக் கொடுக்கும் மருத்துவப் பரிசோதனைத் தாள்களை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேருக்கும்.

6

வெளியே வேப்ப மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். தாள்களைக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றுவரை தகராறு. அவர் "பசிக்குது" என்றார். அது என்னிடம் சொன்னது என்கிறேன் நான். தனக்குத்தானே முணுமுணுத்தது என்கிறார் அவர். அதற்கு நான் "இன்னாயா?" என்றேன், ஆகவே முதலில் பேசியது நான் என்பது அவர் கட்சி.

ஊருக்குத் திரும்பியதும் நேராக மண்ணூருக்குப் போய், அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து, மாமியார் எதிரில் உட்கார்ந்து அதே கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன். "உப்பு போதுமாம்மா?" என்று கேட்டார். "கொஞ்சம் கம்மி அத்தே" என்றேன். "எனக்கும் தெரியும். அவங்கப்பாவுக்கு ஒடம்புக்கு ஆவாதுன்னு கொறச்சிக்கினேன்" என்று சொல்லி உப்பு ஜாடியையே என் பக்கம் தள்ளினார். ஏகாம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ ஒரே மாதிரியா இருக்கிறதுதான் நல்லதா?"

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. எங்களைப் பிரிக்கும் என்று ஊர் சொன்ன வித்தியாசம் எதுவும் பிரிக்கவில்லை. பிரிக்கப் பார்த்தது எங்களுக்குள் இருந்த ஒற்றுமைதான். ஆனால் அதே ஒற்றுமைதான் சேர்த்தும் வைத்திருக்கிறது. விட்டுவிட்டுப் போகலாம் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருதடவையாவது தோன்றாமல் இருந்திருக்குமா? அவருக்கும் தோன்றியிருக்கும். போவதற்கும் யாராவது ஒருவர் முதலில் கிளம்ப வேண்டும். எங்களில் யாரும் எதையும் முதலில் செய்கிற ஆள் இல்லை.

"சரி, டெல்லியில யார்தான் முதல்ல பேசினது?" என்றாள்.

"உங்கம்மா."

"உங்கப்பா."

"இன்னாத்துக்குப் பொய் சொல்ற? இன்னாயான்னு நீதானே கேட்ட?"

"பசிக்குதுன்னது யாரு? மரமா?"

பேச்சு தடித்தது. வியாழக்கிழமை ராத்திரியோடு எங்கள் பேச்சு நின்றது. வெள்ளி, சனி இரண்டு நாளும் பெண்ணும் பூனையும் வேடிக்கை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் உப்பை எடுக்க நான் நகர்ந்து கொடுத்ததையும், நான் பார்த்த ஜன்னலை அவர் மூடியதையும் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பனியில் இறங்கி நின்று போனைக் காதில் வைத்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவள்தான் பேசுகிறாள். கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்குகிறாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். மீன் என்ற வார்த்தை இங்கிலீஷில் இரண்டு தடவை காதில் விழுந்தது.

ஏகாம்பரம் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு நம்ப முடியவில்லை.

"இது யாரைக் கொண்டு பொறந்துச்சு, ஸ்டெல்லா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அறைக்குப் போய், அவர் மறுப்பதற்கு முன்னால் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை தனக்குத்தானே முணுமுணுத்தது என்று சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் நீங்கள் எல்லாரும் சாட்சி.